பிஸ்டன் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி

எங்கள் படகு திரும்புவதில்லை. இரண்டு முனையும் ஒரே மாதிரி வெட்டப்பட்ட தட்டைப் படகு அது. சந்தைக் கரையில் ஏறும் மோட்டார் சைக்கிள்கள் நேராக உருண்டு விகாரைக் கரையில் இறங்கும். அங்கே ஏறுபவை நேராக உருண்டு இங்கே இறங்கும். இரு முனையிலும் ஒரு சுக்கான், தண்ணீரைத் தள்ள ஒரு விசிறி. நடுவில், பலகைகளுக்கு அடியில், நீளவாக்கில் கிடக்கும் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுழற்றும். அதனால் படகில் வேலை செய்பவர்கள் எதையும் முன், பின் என்று சொல்வதில்லை. சந்தைக் கரைப் பக்கம் உள்ளதெல்லாம் வெள்ளை. விகாரைக் கரைப் பக்கம் உள்ளதெல்லாம் சிவப்பு. கயிறு, சங்கிலி, இறங்குபலகை, பெஞ்சு, உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கும் வாளி வரைக்கும் ஒரு தீற்றுப் பெயின்ட் இருக்கும். வெள்ளை வாளி சிவப்புப் பக்கம் போய்விட்டால் அதற்கே ஒரு வாய்ச்சண்டை நடக்கும்.

இதை முதலில் சொல்லிவிட்டால் தோவாவைப் பற்றிச் சொல்வது எளிது.

தோவா எஞ்சின் பிரித்துக் கட்டுபவள். ஐம்பது வயது. வாய்க்கால் ஓரம், தூண்கள் மேல் நிற்கும் வீடு. மேலே குடித்தனம், கீழே பட்டறை. கணவர் ஆற்றில் கூண்டு கட்டிக் கெளுத்தி வளர்க்கிறார். அவர் மேல் மீன் வாசனை, இவள் மேல் டீசல் வாசனை, ஒருவரையொருவர் குறை சொல்லாமல் இருபத்தைந்து வருடம். ஊரில் எல்லோரும் அவளை நாலாமக்கா என்பார்கள். உண்மையில் அவள் மூன்றாவது பிள்ளை. எங்கள் பக்கம் தலைப்பிள்ளையை இரண்டு என்று எண்ணத் தொடங்குவதால் மூன்று நாலாகிவிடும். ஒன்று யாருக்கும் கிடையாது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் இருவர் ஒரே எஞ்சினில் கை வைத்தால் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அவள் இந்த வேலைக்குப் பட்டறை வழியாக வரவில்லை, கிடங்கு வழியாக வந்தாள். பத்தொன்பது வயதில் அரசாங்க டிராக்டர் நிலையத்தில் உதிரிப் பொருள் கிடங்குக் குமாஸ்தா. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பின் என்ற குட்டை உருளைகள் அங்கே பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒரு வண்ணப் புள்ளி. வெள்ளைப் புள்ளி பின்னை வெள்ளைப் புள்ளி பிஸ்டனுக்குத்தான் கொடுக்க வேண்டும், நீலத்தை நீலத்துக்கு. ஏன் என்று கேட்டபோது, "பெட்டியில அப்படித்தான் வருது" என்றாராம் மேலாளர். தோவா மதிய இடைவேளையில் மைக்ரோமீட்டரை எடுத்து ஒரு வாரம் அளந்திருக்கிறாள். வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை யாரோ ஒருவர் அளந்து, அளக்க நேரமில்லாதவர்களுக்காக ஒரு புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறார் என்பது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. நிலையம் மூடப்பட்டபோது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ், அந்த மைக்ரோமீட்டர், புள்ளி வைக்கும் பழக்கம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவள் கட்டும் எஞ்சினில் எந்த இரண்டு துண்டு சேர வேண்டுமோ அவற்றின் மேல் ஒரே வண்ணப் புள்ளி இருக்கும். எஞ்சினின் பெல்ட் ஓடும் முனையைப் பார்த்து நிற்க வேண்டிய பக்கத்தில் வெள்ளைப் புள்ளி.

ஏழு வருடங்களுக்கு முன் எங்கள் படகின் எஞ்சினை ஒருமுறை பிரித்துக் கட்டினார்கள். எஞ்சின் உடலைப் படகிலிருந்து தூக்க வசதி இல்லை. பிஸ்டன்களை மட்டும் ராடுகளோடு உருவி தோவாவிடம் கொண்டு வந்தார்கள். அவள் பழைய பின்களைக் கழற்றி, புதுப் பிஸ்டனில் புதுப் பின் போட்டுக் கொடுத்தாள். படகின் எஞ்சின்காரன் லுவான் அவற்றை வாங்கிப் போய்த் தன் கையால் மாட்டினான். படகு ஓடியது. ஆனால் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தட்டியது. மரக்கதவை யாரோ விரல் மடக்கித் தட்டுவது போல, டக் டக் டக் என்று. கால் மணி நேரத்தில் சூடேறியதும் நின்றுவிடும்.

படகின் முதலாளி ஹியெப் ஆறு மாதம் பொறுத்தார். பிறகு தோவாவை ஒரு விடியற்காலையில் கூட்டி வந்தார். அவள் தட்டலைக் கேட்டாள், சூடானதும் அது மறைவதைக் கேட்டாள், ஒரு தடவை அக்கரை போய் வந்தாள். "எஞ்சின் சரியா இருக்கு. சூடேறுறதுக்கு முன்னாடியே பாரத்தை இழுக்க வச்சா இப்படித்தான் தட்டும்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் லுவானின் கையிலிருந்து எஞ்சின் சாவி போயிற்று. ஹியெப்பின் மருமகன் எஞ்சினுக்கு வந்தான். லுவான் சங்கிலி இழுத்து இறங்குபலகையை ஏற்றி இறக்கும் வேலைக்கு மாற்றப்பட்டான். தினமும் ஒரு முழு சிகரெட் எரிந்து முடியும் வரை எஞ்சினைச் சூடாக்கிவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தேன் என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மருமகனின் கையிலும் எஞ்சின் தட்டியது. "ஏற்கெனவே கெடுத்து வச்சதுதானே" என்றார் ஹியெப்.

ஊருக்கு அந்தத் தட்டல் பழகிவிட்டது. படுக்கையிலேயே கேட்டு, படகு கிளம்பப் போகிறது என்று தெரிந்துகொண்டு, சட்டை மாட்டிக்கொண்டு ஓடுவோம். நான் விகாரைக் கரைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆறு வருடம் அதுதான் எனக்கு மணி.

போன மழைக்காலம் முடிந்ததும் எஞ்சின் புகைக்க ஆரம்பித்தது. மறுபடி பிரித்துக் கட்ட வேண்டும். இந்த முறை லுவான் முதலாளியிடம் நேராகப் போய் நின்றான். ஹியெப் சொன்ன பதில் துறை முழுக்கத் தெரியும். "பழைய சாமானை நாலாமக்கா பார்க்கட்டும். உன் கையால கெட்டுதுன்னு சொன்னா பலகையிலயே கிட. இல்லைன்னு சொன்னா சாவியத் தரேன்."

படகு நின்றதால் எனக்குப் பள்ளி இல்லை. தோவாவின் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். அங்கே எப்போதும் குளிர்ந்த காபி கிடைக்கும், யாரும் பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள்.

லுவான் சாக்குப் பையோடு வந்தான். "நாலாமக்கா, உங்க பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"கீழ வை. போடாத, வை."

"மெதுவாத்தான் வைக்கறேன். பலகை இறக்கி இறக்கிக் கை ரொம்பப் பதமாயிடுச்சு."

அவள் நாலு பிஸ்டன்களையும் எடுத்து வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் கீழும் ராடு கால் போலத் தொங்கியது. தலையெல்லாம் கரி. ராடுகளில் பொறித்திருந்த எண்களைச் சரிபார்த்து ஒரு பழைய பைஜாமாத் துணியை விரித்து, அதில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டாள். எந்தப் பிஸ்டனிலிருந்து வந்த பின்னோ அது அந்தக் கட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

பின் கழற்றுவதை நான் அதற்குமுன் கவனித்துப் பார்த்ததில்லை. பின் துளையின் இரு வாயிலும் ஒரு கம்பி வளையம் உட்கார்ந்திருக்கும், பின் நழுவி வெளியே வராமல் காக்க. லாக் என்பார்கள். அவள் இடது கட்டை விரலால் துளையை மூடிக்கொண்டு, வலது கையில் கூர்மையான கொக்கியால் வளையத்தின் நுனியை நெம்பினாள். மூடிய விரலுக்குள் அது துள்ளியது. விரலை மூடாவிட்டால் அது வாய்க்காலுக்குள் போகும், அல்லது கண்ணுக்குள். பிறகு துளை வாயில் எழும்பியிருந்த மெல்லிய பிசிறைக் கத்தி முனையால் சுரண்டினாள். அதை விட்டுவிட்டால் பின் வெளியே வரும் வழியெல்லாம் கீறிக்கொண்டு வருமாம்.

பிறகு சுத்தியல் வரும் என்று எதிர்பார்த்தேன். பானை வந்தது. அடுப்பில் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ராடைப் பிடித்து, பிஸ்டன் மட்டும் முழுகும்படி உள்ளே இறக்கினாள்.

"அடுத்த புத்தாண்டுக்கு ஒட்டரிசி இந்தப் பானையிலதான் அவிப்பீங்களாக்கா?" என்றான் லுவான்.

"உனக்கு மட்டும் தனியா அவிச்சுத் தரேன். தொண்டையில நல்லா வழுக்கும்."

சில நிமிடம் கழித்துத் துணியால் பிடித்து வெளியே எடுத்தாள். கொய்யா மரக்குச்சி ஒன்றைப் பின்னின் முனையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். பின் மறுபக்கம் மெதுவாக வெளியே வந்தது, பழத்திலிருந்து கொட்டை வருவது போல. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும், அவ்வளவுதான் விஷயம். பள்ளியில் நான் வருடா வருடம் சொல்லிக் கொடுக்கும் பாடம். இதற்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதை யோசித்ததில்லை.

"சுத்தியலால தட்டினா?" என்று கேட்டேன்.

"வரும். ஆனா பிஸ்டன் நெளிஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அப்போ தட்டினவன் வேற ஊர்ல இருப்பான்."

முதல் பிஸ்டன் ஆறியதும் நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின் போன துளை நட்ட நடுவில் இருப்பதாகத் தோன்றவில்லை. கண் ஏமாற்றுகிறதோ என்று தோவாவின் காலிப்பரை வாங்கி அளந்தேன். ஒரு ஓரத்துக்கும் இன்னொரு ஓரத்துக்கும் அளவு மாறியது. துளை முக்கால் மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தது.

"நாலாமக்கா, இதைச் செஞ்சவன் நடுவத் தப்பா எடுத்திருக்கான்."

"வாத்தியார் ஐயா கண்டுபிடிச்சிட்டீங்க" என்று சிரித்தாள். "தப்பில்ல. வேணும்னேதான் ஒதுக்கி வைக்கறாங்க. மேல போற பிஸ்டன் ஒரு பக்கச் சுவர்ல சாஞ்சுக்கிட்டுப் போகும். உச்சியில போனதும் மறுபக்கச் சுவருக்குச் சாயணும். அந்த நேரத்துலதான் டீசல் வெடிக்குது. துளை நட்ட நடுவுல இருந்தா வெடியோட வேகத்துல ஒரே அடியா மறுபக்கச் சுவர்ல போய் மோதும். கொஞ்சம் ஒதுக்கி வச்சா வெடிக்கறதுக்கு முன்னாடியே மெல்லப் புரண்டுக்கும். தூக்கத்துல புரண்டு படுக்கறோமே, அந்த மாதிரி."

"கட்டில்லேர்ந்து விழாம."

"விழாம. அதனாலதான் தட்டாது."

லுவான் காபிக் கோப்பையில் பனிக்கட்டியை ஆட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அவன் குரலில் வாதம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ஆனா நம்மது தட்டுதேக்கா."

தோவா அவனைப் பார்த்தாள். கையில் இருந்த கொக்கியைக் கீழே வைத்தாள். என்னிடமிருந்த பிஸ்டனை வாங்கி, தலையில் இருந்த கரியைக் கட்டை விரல் நகத்தால் ஒரு ஓரத்தில் சுரண்டினாள். கரிக்கு அடியில் ஒரு சிறிய அம்புக்குறி அச்சாகியிருந்தது. அம்பு தன் நெஞ்சைப் பார்க்கும்படி பிஸ்டனைப் பிடித்தாள்.

"நான் இப்போ பெல்ட் பக்கம் நிக்கறேன்னு வச்சுக்க. எஞ்சின் இப்படிச் சுத்துது." காற்றில் கையைச் சுழற்றினாள். "வெடி பிஸ்டனை என் இடப்பக்கம் தள்ளும். எப்பவும் இடப்பக்கம்தான். அதனால இடப்பக்கம்தான் அதிகம் தேயணும்."

மூவரும் குனிந்து பார்த்தோம். இடப்பக்கம் கடைந்தபோது விழுந்த மெல்லிய கோடுகள்கூட அழியாமல் இருந்தன. வலப்பக்கம் கண்ணாடி போலத் தேய்ந்து மினுங்கியது.

அவள் இரண்டாவதை எடுத்தாள், கரியைச் சுரண்டினாள், நெஞ்சைப் பார்த்துப் பிடித்தாள். வலப்பக்கம். மூன்றாவது. வலப்பக்கம். நாலாவதையும் பார்த்தாள், பார்க்கத் தேவையில்லை என்று எனக்கே தெரிந்த பிறகும்.

"திரும்பி நின்னிருக்கு" என்றாள். "நாலும்."

"ஏழு வருஷமாவா?" என்றேன்.

"ஒண்ணு திரும்பியிருந்தா கவனக்குறைவுன்னு விட்டுடலாம். நாலும் திரும்பியிருந்தா யாரோ யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க." லுவான் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு எதை வச்சுடா பக்கம் பார்த்த?"

லுவானுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. "எதை வச்சா? நீங்கதான் வெள்ளைப் புள்ளி வச்சு அனுப்பினீங்களே. வெள்ளையை வெள்ளைப் பக்கம் வச்சேன்."

எங்கள் படகில் எஞ்சினின் பெல்ட் முனை விகாரைக் கரையைப் பார்த்திருக்கும். அது சிவப்புப் பக்கம்.

அவன் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. கோப்பையை வைத்துவிட்டு நின்றான். "அப்போ நான்தான் மாத்தி மாட்டினேனா?"

அந்த இடத்தில் தோவா ஆமாம் என்று சொல்லியிருந்தால் பொய் ஆகியிருக்காது. மாட்டியது அவன் கைதான். ஹியெப் கேட்ட கேள்விக்கும் அது நேரான பதில்: இவன் கையால் கெட்டது. லுவான் மிச்ச நாளெல்லாம் பலகையில் இருப்பான், தோவாவின் பெயருக்கு ஒரு கீறல் விழாது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை எடை போட்டாளா, போடவே இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அலமாரியிலிருந்து வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, ஏதோ அதற்குள் இருப்பது போலப் பார்த்தாள்.

"அம்பு இவ்வளவு சின்னது" என்றாள். "என் புள்ளி இவ்வளவு பெரிசு. அம்பு மேலயே வச்சேன், கண்ணுக்கு நல்லாத் தெரியட்டும்னு. பார்க்க வேண்டியதை மூடிட்டேன். நீ மாட்டினே. மறைச்சது நான்."

"ஹியெப் அண்ணன் முதல் பாதியை மட்டும்தான் கேப்பாரு."

"ரெண்டாவது பாதிய நான் முதல்ல சொல்றேன்."

"அதுமட்டுமாக்கா. அன்னிக்குப் படகுல வந்து நின்னு, நான் குளிர் எஞ்சின்ல பாரம் இழுத்தேன்னு சொன்னீங்க." ஆறு வருடமாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அவன் உரக்கச் சொல்லவில்லை. "ஒரு சிகரெட் முழுசா எரிய விடுவேன். ஒருநாள்கூட அவசரப்பட்டதில்ல. புற்றுநோய் வந்தா உங்க மேலதான் கேஸ்."

தோவா சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன் லுவான். டீசல், பம்ப்பு, நீ. என் கையை மட்டும் விட்டுட்டேன்."

வேலை இருந்தது.

மத்தியானம் புதுப் பிஸ்டன்களைப் பிரித்தார்கள். ராடுகளின் சிறிய துளையில் புஷ் என்ற புது உள்வளையம் ஏற்கெனவே போட்டிருந்தாள். அதில் பின் எப்படிப் பொருந்துகிறது என்பதை அவள் சோதித்த விதம் எனக்குப் பிடித்தது. பின்னில் எண்ணெய் தடவி, ராடைச் செங்குத்தாகப் பிடித்து, துளைக்குள் பின்னை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். அது தன் எடையிலேயே, அவசரமில்லாமல், நெய்யில் அமிழும் கரண்டி போல இறங்கியது. சட்டென்று விழுந்தால் துளை பெரிது. நின்றுவிட்டால் சிறிது. நாலாவது ராடில் பாதியில் நின்றது. புஷ்ஷை இரண்டு சுற்று சீவி, துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தாள். இறங்கியது.

பிறகு பானை. பிஸ்டன் சூடானதும் நேரம் குறைவு. வெளியே எடுத்த பத்து, பதினைந்து விநாடிக்குள் ராடை உள்ளே நுழைத்து, மூன்று துளைகளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, பின்னைத் தள்ளி முடிக்க வேண்டும். ராடிலும் எஞ்சின் சுவரைப் பார்க்கும் ஓர் எண்ணெய்த் துளை உண்டு. அது ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம் என்று இரண்டும் சரியாக நிற்க வேண்டும். சூட்டில் யோசிக்க முடியாது, யோசித்து வைத்திருக்க வேண்டும்.

தோவா லுவானை எதிரில் உட்கார வைத்தாள். ஒரு மரக்கட்டையை நடுவில் போட்டு, அதன் ஒரு முனையில் அறுந்த பெல்ட் துண்டு ஒன்றையும், மறுமுனையில் ஒரு பழைய பல்சக்கரத்தையும் வைத்தாள். எஞ்சினின் ஒரு முனையில் பெல்ட், மறுமுனையில் பெரிய சக்கரம். இந்த இரண்டும் ஆற்றின் எந்தக் கரையிலும் மாறாது.

"ஒவ்வொண்ணுக்கும் நீ சொல்லு. அம்பு எதைப் பார்க்குது?"

"பெல்ட்டு."

"எண்ணெய்த் துளை?"

"பெல்ட்டப் பார்த்து நின்னா என் வலக்கைப் பக்கம்."

"விடு."

துணியில் பிஸ்டன், அவள் கட்டை விரலின் கீழ் பின். ஒரே சீராகப் போய் மறுமுனை லாக்கில் இடித்து நின்றது. இந்தப் பக்கம் புது லாக்கை வைத்து அழுத்தினாள். டிக் என்ற சத்தம். அந்தச் சத்தம் வந்த பிறகும் வளையத்தைக் கொக்கியால் சுற்றிப் பார்த்தாள், காடியில் முழுதாக உட்கார்ந்ததா என்று. பழைய லாக்குகளை வளைத்து வாளியில் போட்டுவிட்டாள். யாராவது மிச்சம் பிடிக்க நினைத்து எடுத்துவிடக் கூடாதே என்று.

மூன்றாவதில் லுவான் தடுமாறினான். "சிவப்... பெல்ட்டு."

"சிவப்புன்னு இன்னொரு தடவை சொன்னே, உன்னையும் பானையில போட்டு விரிய வச்சிருவேன்."

நாலும் முடிந்ததும் பழக்கத்தில் அவள் கை பெயின்ட் டப்பாவுக்குப் போயிற்று. பாதியில் நின்றது. டப்பாவை மூடினாள்.

மறுநாள் காலை படகில், பிஸ்டன்கள் உள்ளே இறங்குவதற்கு முன்பே, ஹியெப்பிடம் சொன்னாள். ஹியெப் குட்டையான மனிதர். கோபம் வந்தால் பெஞ்சில் ஏறி நின்று பேசுவார். இப்போது ஏறி நின்றார்.

"அப்போ ஏழு வருஷமா என் படகு பின்பக்கமா நடந்துட்டிருந்துதா?"

"படகு இல்ல. பிஸ்டன்."

"மாட்டினது யாரு? இவன். அப்போ இவன் கையாலதானே கெட்டுது? நான் கேட்டது அவ்வளவுதான்."

"என் புள்ளியால கெட்டுது. அம்பை நான் மறைச்சேன். எந்தப் பக்கம்னு எழுதி விடல, வாயாலயும் சொல்லல. என் பட்டறையில வெள்ளைன்னா பெல்ட்டு. உங்க படகுல வெள்ளைன்னா சந்தை. அதை நான் கேட்டுத் தெரிஞ்சிருக்கணும். தினமும் உங்க படகுல போறவ நான், அந்த வாளியில பெயின்ட் இருக்கறத எத்தனை தடவை பார்த்திருப்பேன்."

"எஞ்சின்காரனுக்கு அம்பு தெரிய வேணாமா?"

"தெரியலாம். உங்களுக்கும் தெரியலாம். அன்னிக்கு இவன் மாட்டும்போது விளக்கு பிடிச்சது நீங்கதானாம், அண்ணே."

ஹியெப் லுவானைப் பார்த்தார். லுவான் ஆற்றைப் பார்த்தான். அவர் தான் விளக்கு பிடித்ததை மறுக்க முயன்று, அந்த நாளை நினைவுபடுத்திக்கொள்வது முகத்தில் தெரிந்தது.

"நான்தான் கேட்டேன்" என்றார் கடைசியில், குரல் இறங்கி. "வெள்ளை எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து வைடா, மாத்திடாதன்னு நானே சொன்னேன்." பெஞ்சிலிருந்து இறங்கினார்.

தோவா விடவில்லை. "அன்னிக்கு நான் சொன்னேன்னு சாவிய வாங்கினீங்க. நான் சொன்னது தப்பு. இன்னிக்கும் நானேதான் சொல்றேன்."

"மருமகனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அவரு விடியற்காலையில எந்திரிக்கறதே இல்லன்னு ஊரே சொல்லுது."

இதற்கு ஹியெப் சிரித்துவிட்டார். அவருக்கும் அது தெரிந்த குறைதான். முடிவாக எஞ்சின் இரண்டு பேருக்கும் பிரிந்தது. மதியத்துக்கு மேல் மருமகன். காலை முதல் மதியம் வரை லுவான். குளிர்ந்த எஞ்சினை எழுப்பும் வேலை அவனுக்கு வந்தது. சாவியைக் கையில் கொடுக்கும்போது ஹியெப் மன்னிப்புக் கேட்கவில்லை. "சிகரெட்டைக் குறைச்சுக்க" என்று மட்டும் சொன்னார்.

பிஸ்டன்களை இறக்கியபோது நானும் பலகையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் உள்ளே போகும்முன் ஹியெப் விளக்கை அம்பின் மேல் காட்டி, உரக்க, "பெல்ட்டு" என்றார். லுவான், "பெல்ட்டு" என்றான். தோவா எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனிதர்களைப் புகழ்வதில் எனக்கு அவசரம் கிடையாது. தோவாவைப் பெரிய மனுஷி என்று எழுத மாட்டேன். ஒரு தவறான வாக்கியத்தால் ஒருவன் ஆறு வருடம் சங்கிலி இழுத்தான். அதை அவள் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கவும் இல்லை. நான் துளையைப் பற்றி வெறும் பொழுதுபோக்காகக் கேட்காமல் இருந்திருந்தால், லுவான் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், பழைய பிஸ்டன்கள் சாக்கோடு இரும்புக்கடைக்குப் போயிருக்கும். ஆனால் கேள்வி வந்ததும் கொக்கியைக் கீழே வைத்தாள். நாலாவது பிஸ்டனையும் எடுத்துப் பார்த்தாள். நான் படித்த புத்தகங்களில் உண்மையைப் பற்றி நிறையப் பக்கங்கள் இருக்கின்றன. அந்த நாலாவது பிஸ்டனுக்குச் சமமான ஒரு பக்கத்தை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், உடனே கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் படகு ஓடத் தொடங்கியது. அன்று காலை நான் படுக்கையில் காத்திருந்தேன், தட்டல் கேட்டதும் எழலாம் என்று. கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தபோது படகு ஆற்றின் நடுவில் இருந்தது. துறையில் என்னோடு சேர்த்துப் பதினோரு பேர், மீன்கூடையோடு இரண்டு பெண்கள், சீருடையில் என் மாணவர்கள் நாலு பேர், எல்லோரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டு நின்றோம். தோவாவும் நின்றிருந்தாள். அவளும் தட்டலை எதிர்பார்த்துத்தான் வீட்டில் உட்கார்ந்திருந்தாளாம்.

"உங்களுக்குமா?" என்றேன்.

"ஏழு வருஷப் பழக்கம், வாத்தியாரே."

படகு திரும்பி வந்து பலகை இறங்கியதும் லுவான் எஞ்சின் குழியிலிருந்து தலையை நீட்டினான். உதட்டில் பற்றவைக்காத சிகரெட். பதினோரு பேர் திட்டுவதையும் முழுதாகக் கேட்டுக்கொண்டான்.

"ஒரு சிகரெட் நேரம் நின்னுட்டுத்தான் கிளம்பினேன்" என்றான். "இந்தத் தடவை பற்றவைக்கல. அளவு மட்டும் பார்த்தேன்."

ஏறும்போது பார்த்தேன். எஞ்சின் குழியின் விளிம்பில், பெல்ட் முனைக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் புள்ளி, ஈரம் முழுதாகக் காயாமல் இருந்தது. இரண்டு கரையிலும் யாருக்கும் சொந்தமில்லாத நிறம். அதன் கீழே, தோவாவின் கையெழுத்தில், பெல்ட் என்று எழுதியும் இருந்தது.